ஆறு கடக்காத மருந்து

பனிக்காலத்துக்கென்று தனியே ஒரு மௌனம் உண்டு. அமெரிக்காவின் பாம்பாற்றுப் பள்ளத்தாக்கில் அம்மௌனம் வானிலிருந்து இறங்குவதன்று, நிலத்திலிருந்து எழுவது. ஜனவரி பிறந்ததும் மலைமுடிகளின்மேல் வெயில் பொன்னாகக் கிடக்கும். கீழே, ஆற்றின் இரு கரையிலும் உறைபனி மூட்டம் கவிந்து, மூடியிட்ட பானைக்குள் அடங்கியவைபோல் ஊர்கள் ஒடுங்கிக் கிடக்கும். வெங்காயம் அகழ்ந்த வயல்கள் வெண்ணீறு பூசிய மேனியராய்த் தவமிருக்கும். சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட் கிழங்குக் குவியல்கள் மூட்டத்தினூடே ஆவி விட்டுக்கொண்டு, படுத்துறங்கும் யானைக் கூட்டம்போல் தோன்றும். முள்வேலியின் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பனி பூத்திருக்கும். கதிரவன் இருக்கிறான் என்பதைக் கண்ணால் அன்றி நம்பிக்கையால் மட்டுமே அறியக்கூடிய நாட்கள் அவை. பேசுகிறவர்களும் அந்நாட்களில் தாழ்ந்த குரலிலேயே பேசுவர். பிரார்த்தனை நடக்கும் இடத்தில் பேசுவதுபோல.

அத்தகைய ஒரு ஜனவரியில்தான் கிளென் ஷிராய்ஷி ஒரு வாய்ச் சோற்றுக்காக நாள்தோறும் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்.

அவருக்கு வயது அறுபத்தொன்பது. ஆற்றின் கீழ்க்கரையான ஐடஹோ மாநிலத்தில் நாற்பதாண்டு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். கால்வாயோரம் வண்டியில் சென்று, எந்த வயலுக்கு எத்தனை அங்குலம் மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் தொழில். முறை தவறி ஒருவருக்கும் ஓர் அங்குலம் விட்டவரல்லர். அந்தக் கண்டிப்பான மனிதரின் இரைப்பையில்தான் சென்ற ஆவணியில் புற்று கண்டது. ஆறு சுற்று மருந்து ஏற்றி, கட்டியைச் சுருக்கி, பிறகு அறுத்தெடுப்பதாக ஏற்பாடு. நான்கு சுற்று முடிந்தது. கட்டி சுருங்கிற்று, அதனினும் விரைவாக அவரும் சுருங்கினார்.

நான்காம் சுற்றின்போது டாக்டர் ஹால்வர்சன் என்னும் அம்மையார் படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிளென், ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. இப்ப நூத்திருபத்திமூணு பவுண்டு இருக்கீங்க. அடுத்த தடவை நூத்திருபதுக்குக் கீழ வந்தீங்கன்னா நான் மருந்து ஏத்த மாட்டேன். உடம்பு தாங்காது. இடையில நிறுத்தினா கட்டி மறுபடி தலை தூக்கும், அறுவையும் இல்லாமப் போயிடும்."

"சாப்பாட்டப் பாத்தாலே குமட்டுது டாக்டர். ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

"எழுதக்கூடியது எல்லாத்தையும் எழுதியாச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு. அத இந்தக் கரையில நான் எழுத முடியாது." சொல்லிவிட்டு அவர் சன்னல் பக்கம் பார்த்தார். சன்னலுக்கு வெளியே மூட்டமும், மூட்டத்துக்குள் பாலத்தின் விளக்குகளும் தெரிந்தன.

டாக்டர் எழுந்து சென்றதும் அடுத்த நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வெர்ல் கிறிஸ்டென்சன் கனைத்தார். யூட்டா மாநிலத்திலிருந்து மகள் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற வந்திருந்த முதியவர் அவர்.

"புரிஞ்சுதாய்யா? அந்தம்மா கஞ்சா எண்ணெயச் சொல்லுது."

"மெதுவாப் பேசுங்க வெர்ல்."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? எங்க மதத்துல காப்பியே கூடாது, வீட்டுல மூணு தலைமுறையா தொட்டதில்ல. ஆனா கஞ்சா எண்ணெய் வாங்க எங்கிட்ட அரசாங்க அட்டை இருக்கு! எங்க ஊர்ல டாக்டர் பரிந்துரைப்பார், வெள்ளக்கோட்டுப் போட்ட மருந்தாளர் அளவு சொல்லிக் குடுப்பார். மக வீட்டுக்கு வரலாம்னு ஐடஹோ எல்லையத் தாண்டினேன், அட்டை வெறும் பிளாஸ்டிக்கா மாறிப்போச்சு. இப்ப அத வச்சுத்தான் காலையில வண்டிக் கண்ணாடியில பனி சொரண்டுறேன்."

கிளென் பல நாட்களுக்குப் பின் சிரித்தார். "அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம்?"

"ஆரிகன்ல அட்டை அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டுந்தான். ஆனா அட்டையில்லாமலே கடையில விப்பாங்க. இருபத்தொரு வயசு முடிஞ்சிருந்தாப் போதும். உனக்கு முடிஞ்சிருச்சுல்ல?"

வாங்குவது எளிதுதான். அதன் பிறகே சிக்கல். வாங்கிய மருந்தைக் கடைக்குள் உட்கொள்ளக் கூடாது, தெருவில் கூடாது, வண்டிக்குள் கூடாது. பாலத்தைத் தாண்டி இக்கரைக்குக் கொண்டுவந்தாலோ கைது. அக்கரையில் யாராவது ஒருவரின் சொந்த வீட்டுக்குள் அமர்ந்து உட்கொண்டால் மட்டுமே குற்றமில்லை. மருந்து அக்கரையில், நோயாளி இக்கரையில். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு வீடு வேண்டியிருந்தது.

அந்த வீடு டாஷ் ஒகுராவினுடையதாக அமைந்தது. எழுபத்தொன்பது வயது, வெங்காய விவசாயி, மனைவியை இழந்தவர், கிளென் குடும்பம் போகும் அதே புத்தர் கோயிலைச் சேர்ந்தவர். முன்னொரு காலத்தில் இக்கரையில் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தபோது, முறை தவறித் தண்ணீர் திறந்ததற்காக அவருடைய மடைக்குப் பூட்டுப் போட்டவரே கிளென். அதை டாஷ் முப்பதாண்டுகளாக ஒவ்வொரு விருந்திலும் சொல்லிக்காட்டி வந்தார். உதவி கேட்டு கிளென் தயங்கித் தயங்கிப் பேசியபோது அவர் இடைமறித்தார்.

"அட மடைக்காரா! எனக்குப் பூட்டுப் போட்டவன் எங்கிட்டச் சாவி கேக்குறியா? வாடா. பத்து மணிக்கு வா. அடுக்களை உன்னோடது."

அன்றுமுதல் காலை பத்து மணிக்கு கிளென்னின் மனைவி நோரீன் வண்டியோட்ட, ஒன்பது நிமிடத்தில் பாலத்தைக் கடந்து, கடையில் வாங்கிய எண்ணெய்ப் புட்டி இருக்கும் டாஷ் வீட்டை அடைவர். நாக்கின்கீழ் மூன்று சொட்டு. ஒரு மணி நேரம் காத்திருப்பு. குமட்டல் என்னும் கதவு மெல்லத் தாழ் திறக்கும். உள்ளேயிருந்து பசி, நெடுநாள் ஊரில் இல்லாதிருந்த உறவினர்போல, கூச்சத்தோடு தலை நீட்டும். அப்போது டாஷ் எதை வைத்தாலும் கிளென் உண்டார். மாலை நான்கு மணிக்கு மறுபடியும் அதே பயணம். எடை இறங்குவது நின்றது.

நோரீன் இவ்வேற்பாட்டைப் பொறுத்துக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்டப் பதிவு அலுவலகத்தில் முப்பதாண்டு, ஐடஹோ மாநிலத்தின் முத்திரையைத் தாளில் பதித்தவள் அவள்.

"என் கையால முத்திர குத்தின ஊரு," என்பாள் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம். "என் புருசன் ஒரு வாய் சாப்பிட அந்த ஊர விட்டு வெளிய வரணும்."

"வெளிய வர ஒரு பாலம் இருக்கே நோரீன். அதுக்கு நன்றி சொல்லு."

"பாலத்துக்குச் சொல்றேன். வேற யாருக்கும் சொல்றதா இல்ல."

இங்கே அவர்களுடைய ஜப்பானிய அமெரிக்கச் சமூகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருந்தினரை வெறுங்கையோடு அனுப்புவதும், வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதும் அவர்களிடையே பெரும்பிழை. டாஷ் முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தனுப்புவார். அந்த டப்பாவில் நோரீன் அரிசிமாப் பணியாரம் வைத்துத் திருப்புவாள். அது மீண்டும் ஊறிய வெள்ளரியோடு வரும். மஞ்சள் மூடி போட்ட நான்கைந்து பிளாஸ்டிக் டப்பாக்கள் ஓய்வறியாமல் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. டாஷின் முள்ளங்கி ஊறுகாய் தவிட்டில் புதைத்துப் பக்குவம் செய்தது. அதன் சுவைக்கு ஈடில்லை, நாற்றத்துக்கும் ஈடில்லை. மூடியைத் திறந்தால் அண்டை வீட்டு நாய் எழுந்து வேறிடம் போய்ப் படுக்கும்.

ஐந்தாம் சுற்றுக்கு எடை பார்க்கவேண்டிய வாரத்தில், கோயிலில் ஞாயிறன்று ஹோ-ஒன்-கோ. தங்கள் மரபை நிறுவிய ஆசாரியரின் நினைவாக, பெற்ற அருளுக்கு நன்றி கூறும் பெருவழிபாடு அது. விருந்துக்கான பண்டங்களை வைக்கக் கோயில் மகளிர் சங்கத்தார் டாஷின் கொட்டகைக் குளிர்பெட்டியைத்தான் நாடுவர். மருந்துப் புட்டி அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று டாஷ் அஞ்சினார். தமக்காக அன்று, கிளென்னின் மானத்துக்காக. ஆகவே காலை மருந்து கொடுத்த கையோடு அந்தப் புட்டியைத் துணியில் சுற்றி, ஒரு மஞ்சள் மூடி டப்பாவுக்குள் வைத்து, ஊறுகாய் டப்பாக்களின் நடுவே ஒளித்தார்.

ஒளித்தவருக்கே எது எதுவென்று மறந்தது.

திங்கட்கிழமை. எடை பார்க்கும் வியாழனுக்கு இன்னும் மூன்று நாள். காலை மருந்தும் உணவும் முடிந்து கிளம்பும்போது டாஷ் வழக்கம்போல் ஒரு டப்பாவை நோரீனின் பையில் திணித்தார். வீட்டுக்கு வந்து அடுக்களை மேசையில் மூடியைத் திறந்த நோரீன் அப்படியே நின்றுவிட்டாள். வழக்கமான நாற்றம் வரவில்லை. துணியை விலக்கினாள். பழுப்புக் கண்ணாடிப் புட்டி. அதன்மேல் ஆரிகன் கடையின் சீட்டு.

"கிளென்."

"ம்?"

"கிளென், இங்க வா. எழுந்து வா."

அவர் வந்து பார்த்தார். இருவரும் சற்று நேரம் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"இது இங்க எப்படி வந்தது?"

"நாமதான் கொண்டு வந்தோம்," என்றாள் நோரீன். "நான் வண்டி ஓட்டினேன், நீ மடியில வச்சிருந்த. வழியெல்லாம் முள்ளங்கி நாறலையேன்னு சந்தோஷப்பட்டுட்டு வந்தோம்."

கிளென் நாற்காலியில் அமர்ந்தார். காலை மருந்தின் வேகம் அடங்கி, குமட்டல் திரும்பத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் அவருடைய அடுக்களை, அவருடைய மேசை, நான்கு மாதமாக ஒரு கவளமும் இறங்காத மேசை. கைக்கெட்டும் தூரத்தில் மூன்று சொட்டு இருந்தது. உண்டுவிட்டுத் தம் கட்டிலில் தாமே சாய்ந்துகொள்ளலாம். அந்த ஆசை அவரைப் பசியைவிட வலிதாகப் பற்றியது.

அதை நோரீன் கண்டுகொண்டாள். முப்பதாண்டு முத்திரை பதித்த அவள் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"எடுத்துக்கோ," என்றாள்.

"என்ன சொல்ற நீ?"

"எடுத்துக்கோன்னு சொல்றேன். யாரு பாக்கப் போறாங்க? நம்ம வீட்டுல, நம்ம மேசையில. நான் சூப்பு சுட வைக்கிறேன்."

"நீயா இப்படிப் பேசுற?"

"நாந்தான் பேசுறேன். எனக்கு நீ வேணும். முத்திரையா வேணும்?"

கிளென் புட்டியைக் கையில் எடுத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பின் அதைத் துணியில் சுற்றி டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடினார்.

"முறை இல்லாத நேரத்துல மடை திறக்காதேன்னு நாப்பது வருசம் ஊருக்குச் சொன்னவன் நான். அது கிடக்கட்டும், அதுக்காக இல்ல. இந்த வீடு உன் பேர்லயும் இருக்கு நோரீன். யாராவது வந்து கேட்டா உன்னையும் சேத்துத்தான் கேப்பாங்க. அந்தச் சோறு எனக்கு இறங்காது. வண்டிய எடு. திருப்பிக் குடுத்துடுவோம்."

"கொட்டிடலாமே?"

"கொட்டிட்டு? கடையில சரக்கு வெள்ளிக்கிழமதான் வருதாம். வியாழக்கிழமை தராசுல நான் நிக்கணும்."

நோரீன் வண்டிச் சாவியை எடுத்தாள். குளிர்ச்சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கே மூட்டம் கட்டியாய்ச் செறிந்திருந்தது. பாலத்தின் முகப்பில் சிவப்பு நீல விளக்குகள் சுழன்றன. வெங்காய லாரி ஒன்று பாலத்தின்மேல் வழுக்கிக் கவிழ்ந்து, வழியை அடைத்துக் கிடந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து வெங்காயங்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. முன்னும் பின்னும் வண்டிகள், திரும்பவும் வழியில்லை. ஐடஹோ மாநிலக் காவலர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பேசிக்கொண்டே வந்தார்.

கிளென்னின் மடியில் டப்பா இருந்தது. நோரீனின் இரு கைகளும் வண்டியின் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

"மேடம், பாலம் ரெண்டு மணி நேரத்துக்குத் திறக்காது. எங்க போறீங்க?"

"ஒரு சிநேகிதர் வீட்டுக்கு," என்றார் கிளென். "அவர் டப்பாவத் திருப்பிக் குடுக்க."

"இந்த மூட்டத்துலயா? ஒரு டப்பாவுக்காகவா?"

நோரீன் சாலையையே பார்த்தாள். பொய் சொல்லிப் பழகாத முகம் காது வரை சிவந்துவிட்டது. காவலரின் பார்வை அவளிடமிருந்து கிளென்னின் மெலிந்த மணிக்கட்டுக்கும், அங்கிருந்து மஞ்சள் மூடிக்கும் நகர்ந்தது. அந்தக் கணத்தில், திறந்து காட்டச் சொன்னால் என்ன சொல்வதென்று கிளென் முடிவு செய்துகொண்டார்: இது என்னுடையது, நானே வைத்தேன், இவள் ஒன்றும் அறியாள். வாழ்நாளில் சொல்லப்போகும் முதல் பொய் அது. அதைச் சொல்ல அவருக்குச் சிறிதும் அச்சமிருக்கவில்லை.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் மடைக்காரா! நீதானா அது?"

பாலத்தின் நடைபாதையில், காதுவரை மறைக்கும் குல்லாயும், ஒரு கையில் டார்ச்சு விளக்கும், மறு கையில் மஞ்சள் மூடி டப்பாவுமாக டாஷ் வந்துகொண்டிருந்தார். இரைக்க இரைக்க நடந்தார். காலில் இடறிய வெங்காயங்களைத் திட்டிக்கொண்டே நடந்தார். நடந்த தவறு மத்தியானந்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டி போகாதென்று கேட்டதும் நடந்தே புறப்பட்டுவிட்டார். கொடுத்ததைத் திரும்ப வாங்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாமா? ஆகவே சரியான டப்பாவையும் மறவாமல் எடுத்துக்கொண்டார்.

"ஆபீசர், இவங்களத் திட்டாதீங்க. தப்பு என்னோடது. டப்பா மாறிப்போச்சு. இத இவங்களுக்குக் குடுத்துட்டு அத நான் வாங்கிட்டுப் போகணும்."

"அப்படி என்ன சார் அதுல?"

"நம்ம வீட்டு முள்ளங்கி. ரெண்டு துண்டு எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க." காவலர் வேண்டாமென்று சொல்வதற்குள் டாஷ் மூடியைத் திறந்து அவர் மூக்கின் கீழ் நீட்டிவிட்டார்.

காவலர் இரண்டடி பின்வாங்கிக் கையுறையால் மூக்கைப் பொத்தினார். "கடவுளே! இது... கெட்டுப்போச்சா?"

"கெட்டுப் போறதா? இப்பத்தான் பக்குவமே வந்திருக்கு."

"மூடுங்க சார். தயவுசெஞ்சு மூடுங்க." பிறகு கண்ணில் நீர் வழிய, கிளென் மடியிலிருந்ததைச் சுட்டினார். "அது?"

கிளென் மூடியின்மேல் கையை வைத்தார். "இதயும் திறக்கணுமா?"

"வேண்டாம்!" என்றார் காவலர். "போதும். ஒண்ணே போதும்."

நோரீனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதே வேளையில் கிளென் கதவைத் திறந்து, சாலையோரம் குனிந்து, வெறும் பித்தநீரை வாந்தி எடுத்தார். காவலர் முதலில் ஓடி வந்து அவர் தோளைத் தாங்கிக்கொண்டார்.

"மருந்து ஏத்துறீங்களா சார்? எங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தார்."

"இவன் சாப்பிடணும்," என்றார் டாஷ். "எங்க வீட்டுலதான் இவனுக்குச் சோறு இறங்குது. அதோ, பாலத்த ஒட்டித்தான் வீடு. நடந்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

காவலர் ஒரு கணம் மூவரையும் பார்த்தார். "ஓரமாப் போங்க. நான் வழி ஒதுக்கித் தர்றேன். மேடம், வண்டிய அப்படி ஓரங்கட்டுங்க."

அவர் முன்னே நடந்தார். நடைபாதையில் கிடந்த வெங்காயங்களைக் காலால் ஒதுக்கி, உறைந்த இடங்களை விளக்கால் காட்டிக்கொண்டே நடந்தார். பின்னால் கிளென், ஒருபுறம் நோரீனையும் மறுபுறம் டாஷையும் பற்றிக்கொண்டு அடிமேல் அடி வைத்தார். டப்பாக்கள் இரண்டும் நோரீனின் பைக்குள் ஒன்றோடொன்று முட்டின. கீழே ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் ஓசை மட்டும் கேட்டது. எத்தனையோ ஆண்டு அந்தத் தண்ணீரை அங்குலம் அங்குலமாக அளந்து பங்கிட்ட மனிதர், இன்று அதன்மேல் பிறர் தோள்களால் கொண்டுசெல்லப்பட்டார். ஏமாற்றுகிறோமே என்ற நாணமும், தாங்குகிறார்களே என்ற நன்றியும் அவர் நெஞ்சில் ஒருங்கே நிறைந்தன. இரண்டில் நன்றியே பெரிதாயிருந்தது.

பாலத்தின் நடுவில் காவலர் நின்றார். "இதோட எங்க மாநில எல்லை முடியுது. பாத்துப் போங்க சார். நல்லா சாப்பிடுங்க."

"உங்களுக்கு ரொம்ப நன்றி, தம்பி," என்றார் கிளென். அந்தக் காவலர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதை அவர் அன்றும் கேட்கவில்லை, பின்னும் அறிந்தாரில்லை.

டாஷின் அடுக்களையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாக்கின்கீழ் மூன்று சொட்டு. சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரத்தை மெல்லக் கடத்தியது. டாஷ் அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாக்கி, நடுவில் உப்பில் ஊறிய ஒற்றைப் பிளம் பழத்தை வைத்துக் கொடுத்தார். கிளென் ஒரு கிண்ணம் உண்டார். இன்னொரு கிண்ணத்துக்கு நீட்டினார். அதையும் உண்டு, வாய் நிறைய ஏப்பம் விட்டு, நாணினார்.

"மன்னிச்சுக்குங்க."

"எதுக்குடா மன்னிப்பு? என் பொண்டாட்டி போனப்புறம் இந்த வீட்டுல ஏப்பம் கேட்டு நாலு வருசம் ஆச்சு." டாஷ் முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவினார். "வியாழக்கிழம வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருங்க. பின்னறையில கட்டில் கிடக்கு. இந்த டப்பா விளையாட்டு இனி வேண்டாம். என் ஞாபகத்த நம்பி நீங்க ஜெயிலுக்குப் போக வேண்டாம்."

"உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு," என்றாள் நோரீன்.

"தொந்தரவுதான். அதுக்கென்ன இப்ப? உன் புருசன் என் மடையப் பூட்டின வருசம் எனக்கு எவ்வளவு தொந்தரவு தெரியுமா? அத எவன் கேட்டான்?"

நோரீன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிற்று. நெடுநேரம் கழித்து நிமிர்ந்தபோது, "யாருக்கும் நன்றி சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல?" என்றாள். "பாலத்துக்கு மட்டுந்தான்னு."

"சொன்ன," என்றார் கிளென்.

"இன்னிக்குக் கேட்டா பட்டியல் பெருசா இருக்கு. சட்டத்துக்கு மட்டும் இன்னும் சொல்லல. அது மாறட்டும், அன்னிக்குச் சொல்றேன்."

மூன்று நாள் அங்கேயே தங்கினர். கிளென் காலையிலும் மாலையிலும் உண்டார். இடையில் டாஷ் வறுத்துக் கொடுத்த அரிசி அப்பளங்களையும் கொறித்தார். வியாழனன்று வண்டி பாலத்தைக் கடந்து இக்கரை மருத்துவமனைக்கு வந்தது. தராசுமேல் ஏறுமுன் அவர் காலணியைக் கழற்றினார்; சட்டைப்பையிலிருந்த சாவியையும் கைக்குட்டையையும் எடுத்து நோரீனிடம் தந்தார். ஏமாற்றி வந்த எடை ஒரு துளியும் இருக்கலாகாது என்பது அவர் எண்ணம். எண்கள் சற்றே ஆடி நின்றன.

நூற்றிருபத்தொன்றரை.

டாக்டர் ஹால்வர்சன் எப்படி என்று கேட்கவில்லை. ஐந்தாம் சுற்றுக்குக் கையெழுத்திட்டார். போகும்போது கிளென்னின் கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாற்காலியில் வெர்ல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும்யா. மிச்சச் சிகிச்ச அங்கயேதான். அட்டை மறுபடி அட்டையாகப் போகுது. பனி சொரண்டத்தான் இனி வேற ஏதாச்சும் தேடணும்."

"நல்லா சாப்பிடுங்க வெர்ல்."

"நீயும்யா. எந்தக் கரையில கிடைக்குதோ அந்தக் கரையில."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. வெளியே மூட்டம் அப்படியே இருந்தது. உள்ளே பொன்முலாம் பூசிய சந்நிதியில் மெழுகுவர்த்திகள் சுடர்ந்தன. கோயில் குரு முதலடி எடுத்துக் கொடுக்க, நன்றிப் பாசுரங்களைச் சபையார் ஒரே குரலாக நீட்டி ஓதினர். அந்த ஓசை மேலெழுந்தும் தாழ்ந்தும், கால்வாயில் முறைநீர் வந்து நிறைவதுபோல் மெல்ல நிறைந்தது. கிளென்னுக்கு நிற்க இயலவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே ஓதினார். மூச்சு வாங்கியபோது நிறுத்தினார். வலப்பக்கம் நோரீனும் இடப்பக்கம் டாஷும் விடாமல் ஓதினர். அவர் விட்ட அடிகள் அவர்கள் குரலில் நிறைவெய்தின.

தூபம் இடும் நேரம் வந்தது. வரிசை ஒவ்வொருவராக நகர்ந்தது. தம் முறை வந்ததும் கிளென் எழுந்தார். நோரீன் முழங்கையைத் தாங்க வந்தாள். அவர் தலையசைத்து அவளை அமரச் செய்து தாமே நடந்தார். தூபக்கலத்தின்முன் நின்று தலைவணங்கினார். அகில்தூளை மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக் கனலில் இட்டார். புகை ஒரு நூல்போல் எழுந்து, நேராக மேலே சென்று, கரைந்தது. மணிமாலையைச் சுற்றிய இரு கைகளையும் குவித்தார். எதையும் வேண்டும் மந்திரம் அன்று அவர்கள் சொல்வது. பெற்றதற்கு நன்றியாகச் சொல்லும் புத்தர் திருநாமம் மட்டுமே.

"நமோ அமிதா புட்சு," என்றார் கிளென், தமக்கு மட்டும் கேட்கும் குரலில். "நமோ அமிதா புட்சு."

அவர் வேண்டாததை நாம் வேண்டிக்கொள்வோம். அந்த ஆறு வாழ்க. அதன் இரு கரையும் வாழ்க. நோயுற்றோர் அனைவர்க்கும் அவரவர் வாசலிலேயே மருந்து வாய்ப்பதாக. உண்ட சோறு உடம்பில் தங்குவதாக. பிறர் பசியைத் தேடிப் பனியில் நடக்கும் கால்கள் என்றும் தளராதிருப்பனவாக.